கால் சாக்கு கார்பனேட்

சுகுணாக்காவுக்குக் கோபம் வந்தால் எண்களில்தான் பேசுவார். "நாலு புள்ளி ரெண்டு இருக்கணும், நாலு புள்ளி ஒம்போது காட்டுது" என்று அவர் மெதுவாகச் சொன்னால், அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். கெட்ட வார்த்தையில் திட்டுகிற சூப்பர்வைசரைக்கூடச் சமாளித்துவிடலாம். புள்ளி வைத்துத் திட்டுகிறவரிடம் என்ன பதில் சொல்வது?

எங்களுடையது ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன முலாம் கம்பெனி. இரும்புச் சாமான்கள் மந்தமாக உள்ளே வரும், நிக்கல் பூசிப் பளபளவென்று வெளியே போகும். பைக்குக்கு மாட்டுகிற பிராக்கெட், கம்பி, கைப்பிடி என்று எல்லாம் உண்டு. நடுக்கூடத்தில் ஆறாயிரம் லிட்டர் நிக்கல் தொட்டி. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, முதல்நாள் பார்க்கிறவன் பாயசம் என்று நினைத்துக்கொள்வான். அந்தத் தொட்டி எவ்வளவு புளிக்கிறது என்று அளந்து சொல்வதுதான் சுகுணாக்காவின் வேலை. அதனால் கம்பெனியில் அவருக்கு 'ரசக்கா' என்று ஒரு பட்டப்பெயர். "ரசக்கா, இன்னிக்கு ரசம் எப்பிடி?" என்று டிஸ்பாட்ச் பையன்கள் கேட்டால், "உன் மூஞ்சிய விட நல்லா இருக்குது, போடா" என்பார்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவர். அப்பா ராஜப்பனுக்கு ஒன்றரை ஏக்கரில் ரோஜாவும் கொத்தமல்லியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அக்காவுக்குத் தாய்மொழி போலத்தான். கோழியை விரட்டத் தெலுங்கு, பஸ் கண்டக்டரிடம் சண்டை போடக் கன்னடம், படித்ததைச் சொல்லத் தமிழ். மழைக்காலத்தில் அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும். ஊரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த சுகுணா மட்டும் கரையில் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். சோப்பு தண்ணீருக்குள்ளேயே கரைந்து கிடக்காமல், ஏன் ஓரத்தைத் தேடி மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தாராம். ஆற்று நுரையைப் பார்த்துக் கல்லூரிக்குப் போன ஒரே ஆள் எனக்குத் தெரிந்து இவர்தான்.

படித்து முடித்து இங்கே பேக்கிங் மேசையில் சேர்ந்தார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. இரண்டு வருஷத்தில் லேபில் இருந்த கெமிஸ்ட் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு ஓடிவிட, தொட்டி கறுக்க ஆரம்பித்தது. முதலாளி சௌந்தரராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, டேப்பும் கையுமாகப் போய் நின்று, "சார், புளிப்பு எறங்கியிருக்குது, நான் பாக்கட்டுங்களா?" என்று கேட்டவர் அக்கா. அன்றிலிருந்து ஒன்பது வருஷம் லேப் அவருடையது. ஆனால் வருகைப் பதிவில் மட்டும் அத்தனை வருஷமும் 'உதவியாளர், பேக்கிங்' என்றே இருந்தது. ரிப்போர்ட் எல்லாவற்றிலும் முதலாளிதான் கையெழுத்துப் போடுவார். மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று ஒன்பது தீபாவளி போய்விட்டது.

லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கக்கூஸை விடக் கொஞ்சம் பெரிய அறை. அதில் ஒரு பக்கம் சாய்வாகச் செய்த சோப்புப்பெட்டி அளவு கண்ணாடித் தொட்டி ஒன்று. ஹல் செல் என்று பெயர். பெரிய தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து அதில் ஊற்றி, ஒரு பித்தளைத் தகட்டை நிறுத்தி, மின்சாரம் விட்டால், ஆறாயிரம் லிட்டரின் ஜாதகமும் அந்தத் தகட்டில் வந்துவிடும்.

பிரைட்னர் என்று ஒரு மருந்து ஊற்றுவார்கள். அது இல்லாவிட்டால் நிக்கல் சாம்பல் பூசியது போலத்தான் படியும். நான் சேர்ந்த புதிதில், அதில் என்ன இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். "சாக்கரின் இருக்குது. கூட வேற ரெண்டு ஆர்கானிக் சாமான்" என்றார். சின்ன வயதில் நான் நக்கித் தின்ற சேமியா ஐஸில் இருந்த அதே சாக்கரின்! பல்லைக் கெடுப்பதுதான் அதன் வேலை என்று இருந்தேன்.

"அது என்னக்கா செய்யும்?"

"உக்காரும்ணா. தண்ணியில சும்மா நீந்திக்கினு இருக்காது. நேரா போயி உலோகத்து மேல உக்காந்துக்கும். எங்க மேடு இருக்குதோ அங்கதான் மொதல்ல எடம் புடிக்கும். மேட்டுல ஆள் இருந்தா நிக்கல் எங்க போகும்? பள்ளத்துல போய் எறங்கும். மேடு பள்ளமெல்லாம் சமமாயிட்டா பளபளன்னு ஆயிடும், அவ்ளோதான்."

"அப்போ நெறைய ஊத்துனா நெறைய பளபளக்குமா?"

"அத்திப்பள்ளி பஸ்ல சீட்டு நாப்பதுதான இருக்குது? நானூறு பேரை ஏத்தினா? அதுவுமில்லாம இது எப்பிடி உக்காருதுங்கறது புளிப்பைப் பொறுத்தது. புளிப்பு மாறினா உக்கார்ற விதமே மாறிடும். அதுக்குத்தான் உசுரை விட்டுக்கினு அளக்கறேன்."

இதை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? பிரைட்னர் போய் உட்கார்ந்தால் மின்சாரத்துக்கு வழி நெருக்கடியாகிவிடும், அதே கரண்டுக்கு வோல்ட் கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தை ஒவ்வொரு புளிப்பிலும் அளந்து நோட்டில் கோடு கோடாக வரைந்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து செய்த வேலை அது. மற்றவர்கள் அந்த நேரத்தில் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட.

இனி என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் மாடசாமி. சங்கரன்கோவில் பக்கம். ஓசூருக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை எடுத்து, என் வீட்டுக்காரி ராஜலட்சுமியை அந்த மாதம்தான் கூட்டி வந்திருந்தேன். சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்சில் வேலை, அதுவும் மூன்று மாதச் சோதனையில் இருந்தது. சின்னத் தப்பு என்றாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். கன்னடம் எனக்குக் கிலோ எவ்வளவு என்று தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது வினை. தொட்டியிலிருந்து வந்த பிராக்கெட் எல்லாம் பார்க்க முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் புகை படிந்தாற்போல் ஒரு மங்கல். செவ்வாய்க்கிழமை பிராக்கெட் வாங்குகிற பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் அதை வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிக்கல் அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்துவிட்டது. மூவாயிரம் பிராக்கெட் திரும்பி வந்தது. கூடவே, வெள்ளிக்கிழமை தங்கள் தர அதிகாரி சுப்ரியா மேடம் நேரில் வருவார் என்று ஒரு கடிதமும் வந்தது.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பயம் வந்தால் கண் தெரியாது. பிரைட்னர் விற்கிற கம்பெனியின் ஆளைக் கூப்பிட்டார். அவன் டை கட்டிக்கொண்டு வந்து, தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல், "எங்க மெட்டீரியல் சரியா இருக்கு சார். உங்க லேப்ல டிரெய்ன்டு ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். லேபை மூடிவிட்டால் மாதம் ஒருமுறை தாங்களே வந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் முதலாளி காதில் அது ஏறிவிட்டது.

கூடத்தின் நடுவில், எல்லார் முன்னாலும் சொன்னார்: "சுகுணா, வெள்ளிக்கிழமை அந்த மேடம் வர்றதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா லேபைப் பூட்டிடலாம். நீ பழையபடி பேக்கிங்குக்குப் போயிடு."

பேக்கிங் மேசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒன்பது வருஷ உழைப்புக்கு இதுவா மரியாதை என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்கா முகத்தைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

புதன்கிழமை முழுக்க அவர் லேபை விட்டு வெளியே வரவில்லை. ஒன்பது பித்தளைத் தகடு. பிரைட்னர் எல்லாவற்றிலும் ஒரே அளவு. புளிப்பை மட்டும் மூன்றில் ஆரம்பித்துப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனார். இந்தக் கணக்கில் எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். அது எனக்கு விளங்கவே ஒரு வாரம் ஆனது. சாயங்காலம் ஒன்பது தகட்டையும் நூலில் கோர்த்து முதலாளி மேசையில் பரப்பினார். நான் டிஸ்பாட்ச் சீட்டில் கையெழுத்து வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இது நாலு புள்ளி ரெண்டு சார். வளைச்சிப் பாருங்க, உதிராது. இது அஞ்சு புள்ளி ஒண்ணு." வளைத்தார். பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது. ஓரத்தில் அதே புகை மங்கல். "மருந்து ஒண்ணுதான், அளவு ஒண்ணுதான். மருந்து மேல தப்பு இல்லீங்க. தொட்டியில புளிப்பு கொறைஞ்சிருக்குது. நான் காலையில ஆசிட் ஊத்தி நாலு புள்ளி ரெண்டுக்குக் கொண்டாந்தா, மூணு மணிக்குள்ள அஞ்சைத் தாண்டிப் போயிடுது. எதுவோ உள்ளருந்து ஏத்திக்கினே இருக்குது."

முதலாளி தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரிம்மா, புளிப்பைப் பாத்துக்கறது யாரோட வேலை?"

அக்கா, "என்னுதுங்க" என்றார்.

"அப்போ?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பிரைட்னர் மேல் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அந்தப் பேச்சை மறுக்க அங்கே வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அளந்ததை அளந்தபடி சொல்கிற வியாதி அவருக்கு. நான் கையெழுத்து வாங்க மறந்து வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி டீ. கேன்டீன் வாசலில் நான், அக்கா, தொட்டி ஆபரேட்டர் ராமப்பண்ணன் மூன்று பேரும் நின்றிருந்தோம். ராமப்பண்ணன் அஞ்செட்டிப் பக்கத்து மனிதர். ஊருக்கு நினைத்தபோது பஸ் கிடையாது என்பதால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் போவார். நிதானமாக இருந்தால் தமிழ் பேசுவார், அவசரம் என்றால் வாயில் கன்னடம்தான் வரும். அக்கா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவரைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். வாய் இருக்கிறதே, அது என் ஊரிலேயே பெயர் போனது.

"கவலப்படாதீங்கக்கா. ஒடம்பு வலிக்கு முன்னால மனசு வலியெல்லாம் ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம அந்தக் கார்பனேட் சாக்கைத் தூக்கிக் கவுத்ததுல இருந்து என் இடுப்பு இன்னும் நிமிரல, பாத்துக்கிடுங்க."

அக்கா திரும்பினார். "எந்தச் சாக்கை?"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது. தொட்டியைச் சுத்தம் செய்வோம். அன்று அக்கா சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். புளிப்பு கூடிவிட்டது என்று ராமப்பண்ணன் போன் செய்ததற்கு, "கால் சாக்கு கார்பனேட் போடுங்கண்ணா, சரியாப்போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். நிக்கல் கார்பனேட் என்பது புளிப்பை அடக்குகிற ஒரு பச்சைத் தூள். கை உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாளியில் அள்ளி அள்ளித் தொட்டியில் போட, ராமப்பண்ணன் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஃபில்டரைத் திறந்துகொண்டிருந்தார்.

"முழுச் சாக்கும் இருபத்தஞ்சு கிலோக்கா! ஒத்தை ஆளா தோளுல தூக்கி, மூலையில அப்படியே கவுத்தேன்!" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

"நான் கால் சாக்குதான சொன்னேன்?"

"மொதல்ல வாளியிலதான் போட்டேன். ராமப்பண்ணன்தான் அங்கேருந்து 'சாக்கு! சாக்கு!'ன்னு சத்தம் போட்டாவ. சரி, வாளி வேண்டாம், சாக்கோட கவுக்கச் சொல்லுதாவன்னு..."

ராமப்பண்ணன் வாயிலிருந்து டீ வெளியே வந்தது. "ஐயோ கடவுளே! ஏப்பா, ஸாக்கு அந்த்ரே போதும்ப்பா! போதும், நிறுத்துன்னு கத்தினேன்!"

கன்னடத்தில் ஸாக்கு என்றால் போதும். யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? போதும் என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்த, நான் மூட்டையோடு கவிழ்த்திருக்கிறேன். அவர் கத்தக் கத்த எனக்கு உற்சாகம் வேறு.

அக்கா முதலில் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்திவிட்டு டீயைக் கீழே வைத்துத் தொட்டியை நோக்கி நடந்தார். நான் கவிழ்த்த மூலையில் நீளக் கரண்டியை விட்டு அடியிலிருந்து அள்ளினார். பச்சைத் தண்ணீருக்குள் பச்சைச் சேறு. மேலேயிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்? அதை ஒரு பீக்கரில் போட்டு இரண்டு சொட்டு ஆசிட் விட்டார். சோடா உடைத்தது போல நுரைத்துக்கொண்டு வந்தது.

"இதுதான்" என்றார். "தெனமும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிக்கினே இருந்திருக்குது. நான் ஊத்தற ஆசிட்டை எல்லாம் தின்னுக்கினு."

அன்று சாயங்காலத்துக்குள் ராமப்பண்ணனும் அவரும் அந்த மூலையை உறிஞ்சி எடுத்து, வடிகட்டி, தொட்டியைச் சரிசெய்துவிட்டார்கள். ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். தொட்டிக்குள் கார்பனேட் அதிகமாக விழுந்திருக்கிறது என்று அக்கா சொன்னதும், அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் போட்டது?"

நான் பத்தடி தூரத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு அந்த மேடம் வரட்டும் சார். எழுத்துலயே குடுத்துடறேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ராஜலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். புது ஊரில் இப்போதுதான் அவள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மாவிடம் கறிவேப்பிலை கேட்கப் பழகியிருந்தாள். மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்றால் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடுகு தாளித்துக்கொண்டே, "கவுத்தது நீருதான? அப்ப நீருதான் சொல்லணும். அந்தக்கா எதுக்குப் பெட்டிக்கு டேப் ஒட்டணும்?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, சொல்லாமல் இருப்பதற்கு ஏழெட்டுக் காரணம் தயாரித்தேன். ஒன்றைக்கூட அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து சுப்ரியா மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும், கண்ணாடி, கையில் லேப்டாப். முதலாளி அறையில் அக்கா ஒன்பது தகட்டையும் பரப்பி, வோல்ட் கோடுகள் போட்ட நோட்டைத் திறந்து, பீக்கர் சேற்றில் ஆசிட் விட்டு நுரைக்கக் காட்டினார். மேடம் நோட்டை இரண்டு தடவை புரட்டினார். "இதெல்லாம் நீங்களே பண்ணீங்களா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு படிவத்தை நீட்டி, "காரணம் புரியுது. கார்பனேட் எப்படி அதிகமாச்சு? யாரோட தவறு? அதைத் தெளிவா எழுதினாதான் நான் ஏத்துக்க முடியும்" என்றார்.

முதலாளி, "அதான், யாரு? சொல்லும்மா" என்றார்.

நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். டிஸ்பாட்ச் சீட்டு கையில் இருந்தது. அன்றைக்கு டிஸ்பாட்சே கிடையாது. அக்கா பேனாவை எடுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கால் தானாக உள்ளே போய்விட்டது.

"நாந்தான் சார். சாக்குதான் காரணம்" என்றேன்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், கஸ்டமர் முன்னாடி வந்து சாக்கு சொல்றியா?"

"சாக்கு சொல்லல சார். சாக்கைச் சொல்லுதேன்!"

"அதாண்டா நானும் சொல்றேன், சாக்கு சொல்லாத!"

"ஐயோ சார், சாக்குன்னா போதும் சார்!"

"போதும்னா நிறுத்து!"

சுப்ரியா மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கன்னடமும் தெரியும், தமிழும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கதையை நான் உளறிக்கொட்டி முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் முதலாளிக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் போய், தண்ணீர் குடித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மேடம், "அப்போ இவர் பேரை எழுதிக்கலாமா?" என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆளை எழுதினா நாளைக்கு வேற ஆள் வருவாரு மேடம், வேற பாஷை பேசுவாரு. வாயால சொன்னதுதான் தப்பு. நான் போன்ல சொன்னேன், அவரு தொட்டி மேலருந்து கத்தினாரு, இவரு கேட்டாரு. இனிமே எடை போட்டு, பையில கட்டி, சீட்டு எழுதி வெக்கறதுன்னு எழுதிக்கோங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மேடம் அப்படியே எழுதிக்கொண்டார். படிவத்தின் அடியில் 'கெமிஸ்ட்' என்று ஒரு கட்டம் இருந்தது. முதலாளி வழக்கம்போலப் பேனாவை எடுத்தார். "நீங்க கெமிஸ்டா சார்?" என்று கேட்டார் மேடம். முதலாளி ஒரு நிமிஷம் அக்காவையும் நோட்டையும் பார்த்தார். பிறகு படிவத்தைத் தள்ளி வைத்து, "போடும்மா சுகுணா. லேபும் உன்னுது, கையெழுத்தும் உன்னுது. நான் பயத்துல பேசிட்டேன்" என்றார். அக்கா கையெழுத்தை நீளமாகப் போட்டார்.

என் வேலையும் போகவில்லை. அதற்கு நான் வாங்கிய திட்டு தனி, அதை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் தொட்டிப் பக்கம் போனேன். மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன். "அக்கா, நான் உள்ள வராம இருந்திருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

அவர் மேல்கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வியாழக்கிழமைத் தேதி போட்டு, அவர் கையெழுத்தில் முழு ரிப்போர்ட். காரணம் என்ற இடத்தில் இரண்டே வரி: 'கார்பனேட் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டேன். பொறுப்பு: சுகுணா, உதவியாளர், பேக்கிங்.'

அளந்ததை அளந்தபடிதான் சொல்வேன் என்று தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவர், எனக்காக ஒரு பொய் எழுதி வைத்திருந்தார். எழுத்து கலங்கிப் போய்த் தெரிந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளை, தொட்டி ஓரத்தில் நின்று மூக்கைச் சிந்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"கன்னடம் தெரியாததுக்கு ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகக்கூடாதுண்ணா" என்றார். "ஆனா நீங்க வராம இருந்திருந்தா, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன். சரி, அந்தத் தாளைக் குடுங்க. பின்பக்கம் காலியா இருக்குது, மூணு மணி ரீடிங் எழுதிக்கறேன்."

"வேற தாள் எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை கேட்டார். நான் கொடுக்கவில்லை.